நிலவேம்பு போட்ட பீர்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, என் வீட்டுக் கூடத்தில், என் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து நான் பீர் குடித்தேன்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. துறையூர்ப் பக்கத்து வாசகசாலைகளில் இந்தப் பத்திரிகையைப் புரட்டும் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக இலங்கைத் தேயிலை மலையிலிருந்து எழுதி வருகிறேன். எழுதியதில் பாதி மதுவிலக்கைப் பற்றியதுதான். நம் சென்னை ராஜ்யத்தில் கள்ளுக்கடைகளை மூடிவிட்டார்கள், இங்கேயோ சம்பள நாளில் சாராயக்கடை வாசலில் திருவிழாக் கூட்டம், ஊரை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது என்று பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறேன். நீங்களும் பாராட்டிக் கார்டு போட்டீர்கள். அந்தக் கார்டுகளையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் அளவுக்கு எனக்குத் தலைக்கனமும் உண்டு.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தலவாக்கலைக்கு மேலே நாலு மைலில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் உதவி டீமேக்கர். பத்தொன்பது வயதில் சித்தப்பாவோடு கப்பலேறி வந்தேன். கொழுந்து வாடியது போதுமா, சூடு சரியா, இறங்கிய தூள் ருசி எப்படி என்று பார்ப்பது என் வேலை. வெற்றிலை போடமாட்டேன். காலையில் வெங்காயம் தொடமாட்டேன். நாக்கைத்தான் முதலாக வைத்துப் பிழைக்கிறேன். அந்த நாக்கால் என் வீட்டுக்கு நான் செய்த கேட்டைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

சனிக்கிழமை சாயந்தரம் சூசை அப்பு எங்கள் வீட்டுப் படியேறி வந்தார்.

அப்பு என்றால் துரை பங்களாவின் தலைமைச் சமையற்காரர். சூசை முப்பது வருஷத்துக்கு மேல் அந்த அடுப்படியை ஆண்டவர். கடைசி எட்டு வருஷமாக அவரும் நானும் பேசிக்கொள்வதில்லை. பேசாமல் இருந்தது நான்தான். எதிரில் வந்தால் அவர் தொப்பியைக் கழற்றுவார். நான் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

“ஐயா இருக்கீங்களா?”

“வாங்க அப்பு” என்றாள் என் மனைவி தனபாக்கியம், நான் வாய் திறக்கும் முன்னால்.

அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, சிங்களப் பேப்பரில் சுற்றிய ஒரு போத்தலை இரண்டு கையாலும் நீட்டினார்.

“பங்களாவுல நம்ம நாளு முடிஞ்சிருச்சிங்க. புதுத் தொரைக்கு நம்ம பீரு ஒத்துக்கல. அவரு கொழும்பு விஸ்கி ஆளு. பீப்பாய ஒடச்சி வெறகுக்குப் போடச் சொல்லிட்டாரு. கடைசியா ஒரு தடவ போட்டு எறக்கிட்டேன். நாளைக்கி மறுநா மகன் வீட்டுக்குப் போறேன், நோட்டன் பிரிட்ஜுக்கு. அவன் அங்க கரண்டு ஆபீசுல இருக்கான்.”

நான் கையை நீட்டினேன். அவர் போத்தலைச் சற்றே விலக்கிக்கொண்டார்.

“அம்மாவுக்குங்க ஐயா” என்றார்.

தனபாக்கியம் வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்த் தட்டில் வாழைப்பழம் கொண்டுவந்தாள். அவர் ஒன்றை மட்டும் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றி முடிப்பதற்குள் அவர் வளைவில் மறைந்துவிட்டார்.

அந்தப் பீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் சரக்கு அல்ல அது. பழைய வெள்ளைக்காரத் துரை, தன் தகப்பனார் வீட்டில் செய்த பக்குவத்தை அப்புவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். முளைகட்டிக் காய்ந்த பார்லியும், கசப்புக்குப் போடும் ஏதோ ஒரு காய்ந்த பூவும் லண்டனிலிருந்து தகரப் பெட்டியில் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழையில், அப்பு பார்லியில் ஒரு பங்கை இரும்புச் சட்டியில் கரிய வறுப்பார். அந்த வாடை தொழிற்சாலை வரை வந்து என் தேயிலை வாசனையைக் கெடுக்கும். பிறகு செம்பு அண்டாவில் பூவோடு சேர்த்துக் காய்ச்சி, துரையின் பக்குவத்தில் இல்லாத கித்துள், அதாவது கூந்தல்பனைக் கருப்பட்டியை அவர் சொந்தப் புத்தியில் தட்டிப் போட்டு, நுரைக்கவிட்டு, மரப்பீப்பாயில் அடைத்துப் பங்களா மாடிப்படிக்குக் கீழே உருட்டிவிடுவார். நத்தாருக்கு முதல் நாள்தான் திறப்பது. கிறிஸ்துமஸை இங்கே நத்தார் என்பார்கள். மூன்று கிளாஸ் குடித்த பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் ஜீப்பைத் தேயிலைக்குள் விட்டுவிட்டு அங்கேயே தூங்கியிருக்கிறார். அவ்வளவு காரமான சரக்கு.

3

தலைப்பிரசவம் தாய்வீட்டில். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த நாட்டில் அதை விளக்க வேண்டியிருந்தது.

தனபாக்கியத்துக்கு ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, தை மாதம் இருபதாம் தேதி அவளைத் துறையூருக்கு அனுப்பினேன். பங்குனியில் பெண் பிறந்தது. ராஜேஸ்வரி என்று பெயர் வைத்ததாகக் கடிதம் வந்தது. ஐந்தாம் மாதம் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. ஆடி குறுக்கே வந்தது. ஆவணியில் மாமனார் படுத்துவிட்டார். அவர் எழுந்து நடமாடும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, மார்கழி பிறந்தால் பயணம் வைக்கக்கூடாதே என்று கார்த்திகை மாதக் கடைசியில் அவசர அவசரமாகப் புறப்பட்டார்கள். அவள் அண்ணன் தலைமன்னார் வரை கொண்டுவந்துவிட்டுத் திரும்பினார். நான் தலவாக்கலை ஸ்டேஷனில் போய் நின்றேன். கப்பலிலும் ரயிலிலும் அடிபட்டு, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு அவள் இறங்கினாள். குழந்தையை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன். என்னைப் பார்த்து வீல் என்று கத்தியது.

கணக்குப் பாருங்கள். தை இருபதிலிருந்து கார்த்திகைக் கடைசி வரை பத்து மாதத்துக்குச் சற்று அதிகம்.

இந்த நாடு சுதந்திரம் பெற்ற கையோடு, நாங்கள் யாரும் குடிமக்கள் அல்ல என்று ஆகிவிட்டது. வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம் என்று அடுத்து ஒரு சட்டம் வந்தது. அதில் ஒரு விதி, புருஷன் மட்டும் இங்கே இருந்தால் போதாது, மனைவியும் தொடர்ச்சியாக இங்கே இருந்திருக்க வேண்டும் என்பது. ஒரே மூச்சில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. அறுந்தால் குடும்பத்துக்கே குடியுரிமை இல்லை.

விண்ணப்பத்தை நானே இங்கிலீஷில் நிரப்பினேன். கையெழுத்து அச்சுப்போல இருந்தது என்று நானே மெச்சிக்கொண்டேன். அவள் வந்த பயணச் சீட்டை மட்டும் இணைக்க முடியவில்லை. அது குழந்தைத் துணி மூட்டைக்குள் இருந்து, சலவைக்குப் போய்க் கூழாக வந்தது. இரண்டு கரையிலும் எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. போதாததற்கு, தோட்டத்து மருந்துக்கடைப் புத்தகத்தில் குழந்தைக்கு அம்மை குத்திய நாள் மாசி மாதம் என்று இருந்தது. ‘புதிதாக இந்தியாவிலிருந்து வந்தது’ என்று அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு. குழந்தைக்குச் சளி பிடித்ததால் தள்ளிப்போட்டதை யார் எழுதி வைத்தார்கள்?

தை முதல் மாசி வரை என்றால் பன்னிரண்டு மாதம் தாண்டிவிடும்.

4

விசாரணை வந்தபோது ராஜிக்கு வயது எட்டு. பழைய துரை அதற்குள் பென்ஷன் வாங்கிக்கொண்டு சீமைக்குப் போய்ச் செத்தும் போயிருந்தார்; அவருக்குப் பின் வந்த துரையும் அப்புவின் பீரை விடவில்லை.

டவுனில் ஒரு மண்டபத்தில் மேசை போட்டிருந்தது. விசாரணை அதிகாரி சிங்களவர். நரைத்த மீசை, பொறுமையான மனிதர். அவர் இங்கிலீஷில் கேட்க, யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமிழில் சொன்னார். பின்னால் பெஞ்சுகளில் எங்கள் தோட்டத்து ஆட்கள் ஐம்பது அறுபது பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரைச் சாராயக்கடை வாசலில் மறித்து நான் பிரசங்கம் செய்திருக்கிறேன். தோட்டத்து மதுவிலக்குச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர்.

சாட்சிகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். தனபாக்கியம் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். முதல் சாட்சி பக்கத்து வீட்டுக்காரர்.

“இவற்ற மனிசி எப்ப திரும்பி வந்தவ? பொங்கலுக்கு முந்தியோ, பிந்தியோ?”

“பொங்கல் மாதிரிங்க.”

“மாதிரி எண்டால்?”

“பொங்கலுக்குக் கிட்டத்துலங்க.”

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். பெஞ்சில் சிரித்தார்கள். மார்கழியில் கைக்குழந்தையோடு தமிழ்ச்சனம் பயணம் வெளிக்கிடாதே என்று மொழிபெயர்ப்பாளர் தன் பங்குக்கு அதிகாரியிடம் சொல்லி வைத்தார். அதில் பொய்யொன்றும் இல்லை. அவர்கள் புறப்பட்டது கார்த்திகையில் என்றேன். எழுத்து மூலம் ஆதாரம் இருக்கிறதா என்றார்கள்.

அடுத்து சூசை அப்பு. அவரை நான் கூப்பிடவில்லை. என் பாடு சரியில்லை என்று கேள்விப்பட்டு, பங்களா வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவராகவே வந்திருந்தார்.

“நத்தாருக்கு முந்துன நாளு அம்மா இங்கதான் இருந்தாங்க. நான் பார்த்தேனுங்க” என்றார்.

எட்டு வருஷத்துக்கு முந்திய நாள் எப்படி நினைவிருக்கிறது என்று அதிகாரி கேட்டார்.

“மறக்குமாங்க? அந்த வருசம் லண்டன்ல இருந்து கசப்புப் பூ வரல. கப்பலு பிந்திப் போச்சி. என்னமாச்சும் போட்டுச் செய்யுன்னாரு தொரை. நான் நெலவேம்ப அவிச்சி ஊத்திட்டேன். நத்தாருக்கு முந்துன நாளு பீப்பாயத் தொறந்தாங்க. தொரை ஒரு வாய் வச்சாரு. துப்புனாரு. அம்புட்டையும் சாக்கடக் கானுல ஊத்துன்னுட்டாரு. ஒரே ஒரு போத்தல மட்டும் ஒளிச்சி வச்சி, அன்னைக்கே கொண்டு போயி டீமேக்கர் ஐயா வீட்டு அம்மாவுக்குக் குடுத்தேன். பயணத்துல பாலு வத்திப் போச்சி, புள்ள அழுவுதுன்னு எம் பொஞ்சாதி சொன்னிச்சி. கறுப்பு பீரு பாலுக்கு நல்லதுன்னு தொரசாணி எப்பவும் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் நெலவேம்பு போட்டு நான் செஞ்சதே இல்லீங்க.”

அதிகாரியின் மீசைக்குள் சிரிப்பு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அந்த விஷயத்தில் ருசி இருந்ததோ என்னவோ, சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவான குரலில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதை மறந்திருப்பார். அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள், மூலிகையின் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள், ருசி எப்படி இருந்தது என்று கேளுங்கள், அவள் சரியாகச் சொன்னால் எனக்கு அது போதும் என்றார்.

அது போதும் என்றார். இந்தக் காதால் கேட்டேன்.

ஆனால் அந்த நேரத்தில் என் காதில் அது ஏறவில்லை. பெஞ்சில் எழுந்த சிரிப்புத்தான் ஏறியது. “சங்கத்து ஐயா வீட்டுலயே பீரு ஓடிச்சாம்டா” என்று யாரோ சொன்னான். என் முகம் தீயாக எரிந்தது. எட்டு வருஷம் எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

தனபாக்கியம் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். உள்ளே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

“அம்மா, பயப்பிடாதேங்கோ” என்றார் மொழிபெயர்ப்பாளர். “சூசையப்பு உங்களுக்கு எப்பவாவது ஏதும் குடிக்கத் தந்தவரோ? தந்தவர் எண்டால் அது என்ன ருசியா இருந்தது? ஞாபகம் இருந்தால் சொல்லுங்கோ.”

அவள் முகம் தெளிந்தது. அவளுக்கு ஞாபகம் இருந்தது. பதில் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றதை நான் பார்த்தேன்.

“அது வந்துங்க...” என்று தொடங்கினாள்.

நான் எழுந்துவிட்டேன்.

“எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கெடையாதுங்க! நான் மதுவிலக்குச் சங்கத்துச் செயலாளருங்க. இந்த ஆளு பொய் சொல்றான்!”

அப்பு தன் கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். அதிகாரி என்னைக் கையமர்த்தினார். உங்களைக் கேட்கவில்லை, அந்த அம்மாள் சொல்லட்டும் என்றார். மொழிபெயர்ப்பாளர் கேள்வியை மறுபடி, இன்னும் நிதானமாக, கிட்டத்தட்டக் கெஞ்சுவதுபோலக் கேட்டார்.

தனபாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் எப்படி முறைத்தேன் என்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும்.

“இல்லீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றாள்.

5

மூன்று மாதம் கழித்துப் பழுப்பு உறையில் தீர்ப்பு வந்தது. மனைவியின் தொடர் வாசம் நிரூபிக்கப்படவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அப்பீல் செய்யலாம் என்று அடியில் ஒரு வரி இருந்தது. அட்டனில் ஒரு வக்கீலிடம் ஓடினேன். அவர் விசாரணைக் குறிப்பின் நகலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உருப்படியா ஒரே ஒரு சாட்சி உங்களுக்காக வந்திருக்கான். அவனப் பொய்யன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. சம்சாரமும் தெரியாதுன்னுட்டாங்க. இதுல நான் எந்தப் பக்கத்துல வாதாடுறது?”

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும், மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தியில் இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்புங்கள். அப்படித்தான் இருந்தேன்.

வீட்டில் தனபாக்கியம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீரைப் பற்றி நானும் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஆமாம் என்பாள், அப்புறம் நான் என்ன செய்வது? தோசைக்கு அரைக்கிற நாளில் அரைத்தாள், என் சட்டையை மடிக்கிற நேரத்தில் மடித்தாள். தீபாவளிக்குப் புடவை எடுத்தால் வாங்கிக்கொள்வாள். எந்த விஷயத்திலும் எதிர்ப்பேச்சு மட்டும் இல்லாமல் போயிற்று. கலியாணமான புதிதில் நாங்கள் நன்றாகச் சண்டை போடுவோம். அந்தச் சண்டைக்காக நான் எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

ராஜிக்கு இப்போது பதினாறு ஆகப்போகிறது. வகுப்பில் முதல் மாணவி. சிங்களம் தண்ணீராக ஓடுகிறது; ஸ்டேஷன் மாஸ்டர் மகளோடு ரயிலடியில் நின்று பேசினால் எனக்குப் பாதிதான் புரியும். துறையூரில் இருக்கும் தன் மாமாவுக்கு அவள் எழுதிய கடிதத்தில் ‘அப்பா இஸ்டோருக்குப் போயிருக்கார்’ என்று எழுதப்போக, நான் வேலையை விட்டுக் கடை வைத்துவிட்டேனா என்று மச்சான் கவலைப்பட்டுப் பதில் போட்டார். தொழிற்சாலைக்கு இங்கே அதுதான் பேர் என்று அவருக்கு யார் சொல்வது! அவளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போக வேண்டும். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளை கட்டாயம் தேறுவாள், ஆனால் பிரஜைதானே என்றார். நான் கையில் இருந்த குடையை மடித்து விரித்து மடித்தேன்.

துறையூரில் பிறந்து, எட்டு மாதக் குழந்தையாக வந்து, இந்த மலையைத் தவிர வேறெதையும் அறியாத பெண். அவளுக்கு எந்த நாடும் இல்லை.

இப்போது இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். எங்களில் இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பிரித்தாயிற்றாம். மறுபடி விண்ணப்பம் கேட்பார்களாம், மறுபடி விசாரணை இருக்குமாம். பெரட்டுக்களத்தில், அதுதான் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடத்தில், வேறு பேச்சே இல்லை. ஊருக்கே வந்துவிடுங்களேன் என்று உங்களில் சிலர் எழுதுகிறீர்கள். அன்புக்கு நன்றி. ராஜியிடம் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். “நீங்க போங்கப்பா. எனக்கு அங்க யாரத் தெரியும்?” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை ராஜி டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தனபாக்கியம் அப்பு கொடுத்த போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் தொழிற்சாலையிலிருந்து நான் கொண்டுவந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணம், ஒரு கரண்டி.

“என்னா இது?” என்றேன்.

“ருசி பாருங்க. அதான உங்க வேல.”

எட்டு வருஷத்தில் அவள் எனக்கு இட்ட முதல் கட்டளை. மூடியைத் திறந்தேன். வறுத்த வாடை கூடம் முழுக்கப் பரவியது. கிண்ணத்தில் ஊற்றினால் சாயம் தேநீரின் நிறமே இல்லை. கன்னங்கரேல் என்று, ஓரத்தில் மட்டும் செம்பழுப்பு. நாங்கள் தேநீர் பார்க்கும் முறை ஒன்று உண்டு. கரண்டியில் எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, நாக்கு முழுக்கச் சிதறவிட்டு, துப்பிவிட வேண்டும். விழுங்கக்கூடாது. பழக்கதோஷத்தில் அப்படியே உறிஞ்சினேன். முதலில் கருகல். அடுத்து கித்துள் கருப்பட்டி மெதுவாக வந்தது. பின்னாலேயே ஒரு கசப்பு தொண்டை ஓரத்தில் வந்து பிடித்துக்கொண்டது. துப்ப இடம் தேடினேன். தொழிற்சாலையில் அதற்கென்று பித்தளைத் தொட்டி இருக்கும். இது என் வீட்டுக் கூடம். விழுங்கிவிட்டேன். நெஞ்சில் சூடு இறங்கிற்று.

“எப்புடி இருக்கு?” என்றாள்.

“காரமாத்தான் இருக்கு. செஞ்சவரு கைகாரரு” என்றேன்.

அவள் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சுழற்றினாள். நான் இருபது வருஷமாகச் சம்பளத்துக்குச் செய்யும் காரியத்தை என்னைவிட அழகாகச் செய்தாள்.

“இது பூ போட்டது. நல்லா இருக்கு. அது இப்புடி இல்ல. அது நெலவேம்பு. வாயில வச்சொடன பச்சையா ஒரு கசப்பு, காச்சலுக்குக் குடிக்கிற கஷாயம் மாதிரி. மறுநாளு பல்லு வெளக்குனாலும் போவல. மூணு நாளு, அர அர தம்ளரு, கருப்பட்டியக் கடிச்சிக்கிட்டுக் குடிச்சேன். நாலாம் நாளு பாலு வந்திருச்சி. ராஜி வயிறு ரொம்பத் தூங்குனா.”

மண்டபத்தில் கேட்ட கேள்விக்கு எட்டு வருஷம் கழித்துப் பதில் வந்துவிட்டது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்த அதிகாரி எதிரில் இருந்திருந்தால் அப்போதே பேனாவைத் திறந்திருப்பார்.

“ஏன் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லல? கொண்டுவந்து குடுத்த அன்னைக்கே?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“சொன்னா போத்தலக் கானுல ஊத்தியிருப்பீங்க. புள்ள பசில அழுதிச்சிங்க.”

எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். பீர் குடித்துவிட்டு அழுகிறவர்களைப் பற்றி நான் எத்தனை கேலியாக எழுதியிருக்கிறேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். என்னால் போயிற்று, எல்லாம் என்னால் போயிற்று, ராஜியின் படிப்பு என்னால் போயிற்று என்றேன். அவள் இல்லை என்று சொல்லவில்லை. தேற்றவும் இல்லை. அழுது முடியும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அப்புவ இன்னைக்கே போயிப் பார்த்துட்டு வாங்க” என்றாள் பிறகு. “நாளைக்கி அவரு போயிருவாரு.”

“போறேன்.”

“இன்னும் ஒண்ணு. மறுபடி வெசாரணைக்குக் கூப்புட்டா நீங்க வர வேணாம். நானும் ராஜியும் போயிக்கிறோம். கேட்டாங்கன்னா, குடிச்சேன்னு சொல்லுவேன். பெஞ்சில ஆயிரம் பேரு இருந்தாலும் சொல்லுவேன்.”

“சொல்லு” என்றேன்.

பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பங்களாவுக்கு ஏறிப் போனேன். அப்பு அடுப்படிக்குப் பின்னால் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பேசியது என்னவென்று இங்கே எழுத மாட்டேன். அவர் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டு, “உக்காருங்க ஐயா” என்றார். உட்கார்ந்தேன். விசாரணை வந்தால் நோட்டன் பிரிட்ஜிலிருந்து வர முடியுமா என்று கேட்டேன். பஸ் இருக்குதே, வருவேன் என்றார்.

அந்த விசாரணையில் ஒரு பழைய நாளைக் கணக்கில் எடுப்பார்களா, மாட்டார்களா, எனக்குத் தெரியாது. எடுக்காமலே போகலாம். சங்கத்துச் செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கட்டுரையைப் பார்த்தபின் இனி என் எழுத்து வேண்டாம் என்று ஆசிரியர் நினைத்தால் அவர்மேல் வருத்தமில்லை. ஆனால் இதை மட்டும் தயவுசெய்து அச்சில் போட வேண்டும்.

நத்தாருக்கு முதல் நாள், மார்கழி மாதம், என் மனைவி தனபாக்கியம் கைக்குழந்தையோடு இந்தத் தோட்டத்தில், இந்த வீட்டில் இருந்தாள். அன்று சூசை அப்பு கொண்டுவந்து கொடுத்த பீரைக் குடித்தாள். அது நிலவேம்புக் கசப்பு. அப்பு சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொன்னவன் நான்.